கால் டாலர் ஆட்டத்துக்குப் பதினேழு லட்சம்

ஜேம்ஸ் பாண்ட் திரைக்கு வந்து அறுபது ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, அமெரிக்காவின் ஸ்டெர்ன் பின்பால் நிறுவனம் ஒரு சிறப்பு இயந்திரத்தை வெளியிட்டது. மொத்தமே 500. ஒன்றின் விலை 20,000 டாலர். இன்றைய மதிப்பில் பதினேழு லட்ச ரூபாய்க்கு மேல். அத்தனையும் விலைப்பட்டியல்படி விற்றால் ஒரு கோடி டாலர். இந்த விலையைக் கொடுத்து வாங்கி, கடைவீதியில் வைத்து, காசு வசூலித்து லாபம் பார்க்க எந்த வியாபாரியாலும் முடியாது. நிறுவனத்துக்கும் அது தெரியும். இயந்திரம் போய்ச் சேரும் இடம் ஏதோ ஒரு வீட்டின் பேஸ்மென்ட் அல்லது கார் நிறுத்தும் கொட்டகை. அங்கே அதற்கு முன்பே நாலைந்து இயந்திரங்கள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும்.

நம்மூரில் பின்பால் என்றால், விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இலவசமாக வந்த ‘ஸ்பேஸ் கேடட்’ விளையாட்டு பலருக்கு நினைவு வரும். பிரவுசிங் சென்டரிலும் அலுவலகத்திலும் ஒரு தலைமுறையே அதைத் தட்டியிருக்கிறது. திரையில் பார்த்த அந்தச் சாய்வு மேஜையின் அசல் வடிவத்தைத்தான் அமெரிக்கர்கள் சேகரிக்கிறார்கள். ஆறரை டிகிரி அளவுக்குச் சாய்ந்த மரப்பலகை, அதன்மேல் கண்ணாடி, உள்ளே எண்பது கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு, அதைத் தட்டிவிட இரண்டு ஃபிளிப்பர்கள். பலகைக்கு அடியில் மின்காந்தச் சுருள்கள், சுவிட்சுகள், மோட்டார்கள், கட்டுக்கட்டாக வயர். ஒரு இயந்திரம் நூறு கிலோவைத் தாராளமாகத் தாண்டும். இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றியவர்களுக்கு அந்தப் பாடு புரியும்.

இந்தப் பொழுதுபோக்குக்கு ஒருவர் ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்கிறார்? கேட்டால் பெரும்பாலும் இயந்திரத்தின் விலையைத்தான் சொல்வார்கள். என் பார்வையில் அது பாதிப் பதில்கூட இல்லை. வாங்கிய விலையில் பெரும்பகுதி விற்கும்போது திரும்பி வந்துவிடலாம். வராத பணம் வேறு இடங்களில், சின்னச் சின்னத் தொகையாகக் கரைகிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வீட்டுச் செலவுதான் இன்று ஒரு தொழிலையே உயிரோடு வைத்திருக்கிறது.

தெருவிலிருந்து வீட்டுக்கு

1871-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் வாழ்ந்த மான்டேக் ரெட்கிரேவ், குண்டை ஸ்பிரிங்கால் உந்தித் தள்ளும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அறுபது ஆண்டு கழித்து, 1931-இல், சிகாகோவின் டேவிட் காட்லீப் ‘பாஃபிள் பால்’ என்ற மேஜைமேல் வைக்கும் பெட்டியைக் கொண்டுவந்தார். விலை 17 டாலர் 50 சென்ட். பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் கிடந்த அமெரிக்காவில் மருந்துக்கடை, மதுக்கடை என்று எல்லாக் கல்லாவுக்குப் பக்கத்திலும் அது ஏறி உட்கார்ந்தது. ஒரு சென்ட் போட்டால் சில குண்டுகள். வாங்கிய கடைக்காரருக்குச் சில நாளிலேயே முதல் திரும்பியது.

அப்போது ஃபிளிப்பர் கிடையாது. குண்டு எங்கே விழும் என்பது அதிர்ஷ்டம். ஆகவே சூதாட்டம் என்ற பழி விழுந்தது. நியூயார்க் மேயர் ஃபியோரெல்லோ லா கார்டியா 1942-இல் பின்பாலைத் தடைசெய்தார். பறிமுதல் செய்த இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்துப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார். 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ இயந்திரத்தில் ஆறு ஃபிளிப்பர்கள் வந்து, ஆட்டம் ஆடுபவரின் கைக்குள் வந்துவிட்டது. சட்டம் அதைக் கண்டுகொள்ள இன்னும் முப்பது ஆண்டு ஆனது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நியூயார்க் நகர மன்ற உறுப்பினர்கள் முன்னால் நின்று ஆடினார். குண்டு நடுப்பாதை வழியாக இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, ஸ்பிரிங்கை அளவாக இழுத்துவிட்டார். சொன்னபடியே இறங்கியது. தடை நீங்கியது.

அதன்பின் வந்த நல்ல காலத்தின் உச்சம் 1992. பாலி பெயரில் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ இயந்திரம் 20,270 விற்றது. பாட் லாலரும் லாரி டிமாரும் உருவாக்கியது. மின்னணு பின்பால்களில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை எதுவும் தொடவில்லை. அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆபரேட்டர்கள்: மதுக்கூடங்களிலும் ஆர்கேட் கூடங்களிலும் இயந்திரத்தை வைத்து, விழும் காசை இடத்துக்காரரோடு பங்குபோட்டுக்கொள்ளும் தொழில்காரர்கள். ஒரு ஆட்டத்துக்குக் கால் டாலர், பிறகு அரை டாலர்.

ஏழே ஆண்டில் எல்லாம் சரிந்தது. வீட்டுக்குள் வந்த வீடியோ கேம்கள் கூட்டத்தை இழுத்துக்கொண்டன. காட்லீப் 1996-இல் மூடியது. சந்தையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த வில்லியம்ஸ், 1999 அக்டோபரில் பின்பால் பிரிவை மூடிவிட்டு, லாபம் கொழிக்கும் சூதாட்ட ஸ்லாட் இயந்திரங்களோடு நின்றுகொண்டது. அதே ஆண்டு சேகாவின் பின்பால் பிரிவை வாங்கிய கேரி ஸ்டெர்ன், உலகத்திலேயே பின்பால் தயாரிக்கும் ஒரே பெரிய நிறுவனத்தின் முதலாளியாகப் பல ஆண்டு இருந்தார். அது பெருமைப்படும் நிலைமை இல்லை. போட்டியாளர்கள் எல்லாரும் கடையைக் கட்டிவிட்டுப் போனதால் வந்த இடம் அது.

ஆபரேட்டர்கள் பழைய இயந்திரங்களைக் கழித்துக்கட்டினார்கள். அப்போதுதான் ஒரு புது ஆள் சந்தைக்குள் வந்தான். எண்பதுகளில் கால் டாலர் காசுகளைப் பாக்கெட்டில் நிறைத்துக்கொண்டு ஆர்கேட்டில் நின்ற பையன், இப்போது நல்ல சம்பளத்தில், சொந்த வீட்டோடு. அவன் விளம்பரம் பார்த்து வேனை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இயந்திரத்தை ஏற்றிவந்தான். உள்ளூர் இருப்பு குறையக் குறைய, ஒருகாலத்தில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான சிகாகோ இயந்திரங்கள் கன்டெய்னர்களில் திரும்பிவந்தன. ஜெர்மன் மொழியில் விதி அட்டை ஒட்டிய அமெரிக்க இயந்திரம் இன்றும் அமெரிக்க வீடுகளில் சாதாரணம்.

புதிய விலைப்பட்டியல்

இந்த வாங்குபவரை நம்பித்தான் இன்றைய விலைகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஸ்டெர்ன் ஒவ்வொரு ஆட்டத்தையும் மூன்று படிகளில் விற்கிறது. ‘ப்ரோ’ 7,000 டாலர் வாக்கில். கூடுதல் பொம்மைகளும் அசையும் பாகங்களும் கொண்ட ‘பிரீமியம்’ பத்தாயிரத்தை நெருங்குகிறது. வரிசை எண் பொறித்த தகட்டோடு வரும் ‘லிமிடெட் எடிஷன்’ 13,000 வரை. ஜாக் குவார்னியேரி 2011-இல் தொடங்கிய ஜெர்சி ஜாக் பின்பால், ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ இயந்திரத்தில் பெரிய வண்ணத் திரையை வைத்துப் போட்டியை மீண்டும் தொடங்கிவைத்தது. அதன் உச்சப் பதிப்புகள் இப்போது 15,000 டாலர். 2016-இல் ‘பேட்மேன் 66’ இயந்திரத்தின் மிக உயர்ந்த பதிப்பை ஸ்டெர்ன் 80 மட்டும் செய்து ஏறத்தாழ 15,000 டாலருக்கு விற்றபோது பலர் திகைத்தார்கள். பத்தாண்டுக்குள் அந்த விலையில் திகைக்க எதுவும் இல்லாமல் போய்விட்டது.

விலை ஏன் இவ்வளவு? படம், இசைக்குழு, பொம்மை நிறுவனம் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உரிமக் கட்டணம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் புது ஆடுதளம், புது மென்பொருள், புது ஓவியம். ஆயிரக்கணக்கான பாகங்களைக் கையால் பொருத்த வேண்டும். சிகாகோ புறநகர்த் தொழிலாளியின் கூலி அதில் சேர்கிறது. இவ்வளவும் உண்மைதான். ஆனால் லிமிடெட் எடிஷனுக்கும் பிரீமியத்துக்கும் உள்ள மூவாயிரம் டாலர் வித்தியாசத்தை இந்தக் காரணங்கள் விளக்காது. ஆட்டம் இரண்டிலும் ஒன்றுதான். வேறு ஓவியம், பளபளக்கும் இரும்புச் சட்டம், பக்கப் பலகைகள், வரிசை எண். அந்தப் பணம் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்கான விலை. நான் அதை வாங்கச் சொல்லி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கியபின் அலங்காரம் தொடங்குகிறது. இயந்திரத்தின் தலைமேல் வைக்கும் ‘டாப்பர்’ பல ஆட்டங்களுக்கு ஆயிரம் டாலரை ஒட்டியோ தாண்டியோ விற்கிறது. குண்டு முட்டும்போது மேஜையே அதிர வைக்கும் ஷேக்கர் மோட்டார், ஒளிச் சிதறலைக் குறைக்கும் கண்ணாடி, தொண்ணூறுகளின் ஆரஞ்சு நிறப் புள்ளித்திரைக்குப் பதிலாக வண்ணத்திரை. ஒவ்வொன்றும் சில நூறு டாலர். ஒரே ஆண்டில் இப்படி ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சேர்த்துப் போடுவது எளிது. விற்கும்போது இந்த அலங்காரத்துக்கு யாரும் முழு விலை தருவதில்லை.

பலகைக்கு அடியில்

ஒரு இயந்திரத்தை வீட்டில் வைத்து அளவாக ஆடுபவருக்கு ஆண்டுப் பராமரிப்பு அதிகமில்லை. இறுகி வெடித்துப்போகும் ரப்பர் வளையங்கள், கீறல் விழுந்த எஃகுக் குண்டுகள், ஆடுதளத்துக்குப் பூசும் மெழுகு, சில பல்புகள். கைவேலையை அவரே செய்தால் நூறு, இருநூறு டாலருக்குள் அடங்கிவிடும். குண்டை மாற்றாமல் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. சொரசொரத்த குண்டு ஒவ்வொரு சுற்றிலும் பலகையின் ஓவியத்தை அரைத்துத் தின்னும். சில டாலர் குண்டைச் சேமிக்கப்போய், ஆயிரம் டாலர் ஆடுதளத்தைப் பலிகொடுப்பார்கள்.

பேட்டரிக் கதை இன்னும் மோசம். தொண்ணூறுகளின் வில்லியம்ஸ், பாலி இயந்திரங்களில், உச்ச மதிப்பெண்களை நினைவில் வைத்திருக்க மையச் சர்க்யூட் பலகையின்மேல் மூன்று பென்சில் பேட்டரிகள் உண்டு. மறந்துபோய் அவற்றை ஆண்டுக்கணக்கில் விட்டால் கசியும். கசிந்த ரசாயனம் செப்புத் தடங்களை அரித்து, சிப்புகளின் காலைத் தின்று, பலகையைக் குப்பையாக்கும். பத்தாயிரம் டாலர் பெறும் ஆடம்ஸ் ஃபேமிலியைச் சாய்க்க மூன்று பழைய பேட்டரிகள் போதும். அனுபவமுள்ளவர்கள் பழைய இயந்திரத்தை வாங்கப் போனால் ஆடிப்பார்ப்பதற்கு முன் பின்பெட்டியைத் திறந்து அந்த மூலையைத்தான் பார்ப்பார்கள். இன்று பலர் பேட்டரியே தேவைப்படாத நினைவகச் சிப்பைப் பொருத்திவிடுகிறார்கள்.

ஃபிளிப்பர் சோர்ந்துபோவது மெதுவாக நடக்கும். சுருளின் உறை தேயும், இணைப்புக் கண்ணி ஆடும், உலக்கையின் முனை நசுங்கும். ஆடுபவருக்கு இது தெரியாது. சரிவில் ஏறிவந்த குண்டு ஒருநாள் பாதியில் திரும்பும், தன் கைதான் மந்தமாகிவிட்டது என்று நினைப்பார். தேய்ந்த பாகங்களை மாற்றியதும் இயந்திரம் புதுசாகிவிடும். இதைத் தானே செய்யக் கற்றுக்கொண்டவருக்குச் செலவு சில பத்து டாலர். தொழில்நுட்பரை வீட்டுக்கு அழைப்பவருக்கு அவர் படியேறினாலே நூறு டாலர். சால்டரிங் தெரிந்த சேகரிப்பாளருக்கும் தெரியாதவருக்கும் ஆண்டுக் கணக்கில் வரும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இயந்திரத்தின் விலையில் அல்ல.

அறுபது, எழுபதுகளின் ரிலே இயந்திரங்களைத் தேடுபவர்கள் தனி ரகம். கம்ப்யூட்டர் சிப் எதுவும் இல்லாமல், மோட்டாரும் ரிலேயும் சுழலும் எண் சக்கரங்களும் மட்டும் கொண்டவை அவை. ஓடாத நிலையில் சில நூறு டாலருக்கும் கிடைக்கும். நூற்றுக்கணக்கான தொடுமுனைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சுத்தம்செய்து, வளைவைச் சரிசெய்து, மின்வரைபடத்தை விரித்துவைத்துப் பிழையைத் தேட வேண்டும். மாதக்கணக்கில் மாலை நேரங்கள் போகும். இவர்கள் குறைவாகச் செலவழிப்பவர்கள், ஆனால் நிறையக் கொடுப்பவர்கள். இந்தப் பொழுதுபோக்கில் என் மதிப்பு முழுவதும் இவர்களுக்குத்தான். நாளை இந்த இயந்திரங்களை ஓடவைக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனால், லிமிடெட் எடிஷன் தகடு யாருக்கும் உதவாது.

“பணம் எங்கேயும் போகவில்லை”

சேகரிப்பாளர்கள் வீட்டில் இந்த வாக்கியம் அடிக்கடி கேட்கும். வங்கியில் கிடப்பதற்குப் பதில் பேஸ்மென்டில் நிற்கிறது என்பார்கள். பல ஆண்டுகள் இது பலித்தது. வில்லியம்ஸ் 1997-இல் வெளியிட்ட ‘மெடீவல் மேட்னஸ்’ நாலாயிரம் சொச்சம்தான் செய்யப்பட்டது. வடிவமைத்தவர் பிரையன் எடி. கோட்டைக் கதவை உடைத்து உள்ளே போகும் அந்த ஆட்டத்துக்கு ஆசைப்பட்டவர்கள் கூடிக்கொண்டே போக, விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. அப்போது சிகாகோ கேமிங் என்ற நிறுவனம் உரிமம் பெற்று, அதே ஆட்டத்தைப் புதிதாகத் தயாரித்து 2015-இல் விற்கத் தொடங்கியது. பழைய அசலுக்குத் தங்கவிலை என்று நம்பியவர்களுக்கு அது பாடம். பிறகு ‘அட்டாக் ஃப்ரம் மார்ஸ்’, ‘மான்ஸ்டர் பாஷ்’ என்று ஒவ்வொன்றாக மறுபடியும் வந்தன. அரிதாக இருந்த ஒன்று தொழிற்சாலைக்குத் திரும்பிப் போக முடியும் என்று சந்தைக்குப் புரிந்தது.

கொரோனா காலத்தில் விலை மறுபடியும் ஏறியது. வீட்டுக்குள் முடங்கியவர்கள் கையில் பணமும் நேரமும் இருந்தன. தொழிற்சாலைகளில் பாகத் தட்டுப்பாடு. 2021-இல் கலிபோர்னியாவின் பேனிங் நகரில் இருந்த பின்பால் அருங்காட்சியகம் மூடப்பட்டு அதன் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது, இயந்திரங்கள் யாரும் எதிர்பாராத விலைகளுக்குப் போயின. ஓரிரு ஆண்டில் காய்ச்சல் தணிந்தது. புதிய இயந்திரங்கள் மாதத்துக்கு ஒன்றாக வந்து குவிய, போன ஆண்டின் ஆட்டத்தைக் குறைத்து விற்காமல் புதியதற்கு இடமில்லை.

இந்தச் சுழற்சியில் இருப்பவரின் கணக்கை ஒரு எடுத்துக்காட்டில் போட்டுப் பார்க்கலாம். பிரீமியம் ஒன்று 9,700 டாலர். விற்பனை வரி ஏழு சதவீதம் என்றால் 679. கொண்டுவந்து இறக்க 300 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,679. ஓராண்டு ஆடிவிட்டு 8,200-க்கு விற்றால் இழப்பு 2,479 டாலர், இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு இப்படி இரண்டு இயந்திரம் மாற்றுபவர் ஐயாயிரம் டாலரை இழக்கிறார். அதில் எதையும் அவர் ‘செலவு’ என்று எழுதுவதில்லை, ஏனென்றால் கையில் எப்போதும் ஒரு இயந்திரம் இருக்கிறது. ஒரே இயந்திரத்தைப் பத்தாண்டு வைத்திருந்து, ரப்பர் மாற்றி, மெழுகு பூசி ஆடுபவர் இவர் இழப்பதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவழிப்பதில்லை. ஆட்டத்தை ஆழமாகத் தெரிந்துகொள்பவரும் அவர்தான்.

முழுதாகத் தொலைந்த பணமும் உண்டு. 2010-களில் சின்ன நிறுவனங்கள் பல, ஓவியத்தையும் மாதிரியையும் காட்டி முன்பணம் வாங்கின. பிரிட்டனின் ஹைவே பின்பால் ‘ஏலியன்’ படத்தை வைத்து இயந்திரம் அறிவித்து, கொஞ்சம் செய்து அனுப்பி, 2018-இல் மூடியது. முழுப்பணமும் கட்டிக் காத்திருந்தவர்கள் கைவிடப்பட்டார்கள். தொண்ணூறுகளில் பெயர்பெற்ற ஒரு வடிவமைப்பாளர் தனியே இறங்கி ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வாங்கிய திட்டமும் இப்படித்தான் பாழானது. ஏமாந்தவர்கள் பேராசைக்காரர்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வில்லியம்ஸ் மூடியபோது இந்த ஆட்டம் செத்துவிடும் என்று பயந்தவர்கள் அவர்கள். யாராவது புதிதாகச் செய்ய முன்வந்தால் கைகொடுக்க வேண்டும் என்று கொடுத்தார்கள்.

மீண்டும் தெருவுக்கு

மிச்சிகனில் ஆர்கேட் நடத்திச் சம்பாதித்த டிம் ஆர்னால்ட், ஆயிரம் இயந்திரங்களோடு லாஸ் வேகாஸுக்குக் குடிபெயர்ந்தவர். அத்தனையையும் பூட்டிவைத்திருக்கலாம், விலை ஏற ஏற ஒவ்வொன்றாக விற்றிருக்கலாம். அவர் 2006-இல் ‘பின்பால் ஹால் ஆஃப் ஃபேம்’ என்று லாப நோக்கமில்லாத ஒரு கூடத்தைத் திறந்தார். உள்ளே போக நுழைவுக் கட்டணம் இல்லை. காசு போட்டு ஆடலாம். மிஞ்சிய பணம் தர்ம காரியத்துக்கு. 2021-இல் வேகாஸின் புகழ்பெற்ற வரவேற்புப் பலகைக்கு அருகே பெரிய இடத்துக்கு அது மாறியது. ஐம்பதுகளின் மர இயந்திரமும் போன ஆண்டு வந்ததும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. அருங்காட்சியகங்களில் ‘தொடாதே’ என்று எழுதியிருக்கும். தொட்டால்தான் பின்பாலுக்கு அர்த்தம்.

இதைச் சின்ன அளவில் இப்போது பலர் செய்கிறார்கள். தங்கள் சேகரிப்பிலிருந்து இரண்டு மூன்று இயந்திரங்களைப் பக்கத்து ஊரின் பீர் தயாரிப்பகத்திலோ துணி துவைக்கும் கடையிலோ கொண்டுபோய் வைக்கிறார்கள். வார நாளில் லீக் ஆட்டம் நடக்கும். ரோஜர் ஷார்ப்பின் மகன்கள் ஜோஷும் ஸாக்கும் பொறுப்பேற்று நடத்தும் சர்வதேச ஃபிளிப்பர் பின்பால் சங்கம் அந்தப் போட்டிகளுக்குத் தரவரிசைப் புள்ளி தருகிறது. இருபது வயதுப் பெண்ணும் அறுபது வயதுக்காரரும் ஒரே மேஜையில் மாறிமாறி ஆடுவதை அங்கே பார்க்கலாம். ஏழாயிரம் டாலர் இல்லாத இளைஞர் இந்த ஆட்டத்துக்குள் வர இன்று இருக்கும் எளிய வழி அதுதான். வீடுகளை மட்டுமே நம்பி விலையை ஏற்றிக்கொண்டே போகும் நிறுவனங்கள் இதை யோசிக்க வேண்டும். ஆர்கேட்டில் ஆடி வளர்ந்த தலைமுறைக்கு வயதாகிறது. அவர்களுக்குப் பின் வாங்கப்போகிறவர் முதலில் எங்கேயாவது ஆடியிருக்க வேண்டும்.

வெளியில் வைப்பவருக்கு லாபம் வருமா? ஒரு ஆட்டம் ஒரு டாலர். இடத்துக்காரருக்குப் பாதி போனால் கையில் ஐம்பது சென்ட். 7,000 டாலர் ப்ரோ இயந்திரத்தின் முதலைத் திருப்ப 14,000 ஆட்டம் வேண்டும். நாளைக்கு இருபது ஆட்டம் என்றால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. நாளைக்கு இருபது ஆட்டமென்றால் ரப்பர் சீக்கிரம் போகும், ஃபிளிப்பர் தேயும், வாரம் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும், குண்டு எங்காவது சிக்கினால் இரவு பத்து மணிக்கு ஃபோன் வரும். அந்தச் செலவையும் ஆண்டுக் கணக்கில் எழுதிக்கொண்டு, கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை கூடிவருகிறது.